கைக்கடிகாரமும் நாடியும்



திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் எதிரே மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரம் ஒன்று உண்டு. தாடி வைத்த ஒரு முகமும், அதன் இருபுறத்தும் இரண்டு ஆடுகளும் அதில் அமைந்துள்ளன. மணிதோறும் அம்முகம் வாய் திறக்க, ஆடுகள் பாய்ந்து வந்து அதன் கன்னங்களில் முட்டும் வண்ணம் பொறியைச் செய்தவர் அமைத்தார். நான் சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் அதனைக் காட்டி, "காலம் கன்னத்தில் இடித்துச் சொல்லுகிறது, பார்" என்றார். அவர் கையில் அன்று இருந்தது எச்.எம்.டி. கைக்கடிகாரம். 1961ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய சிட்டிசனின் துணையோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையின் கடிகாரம் அக்காலத்தில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவர்க்கும் ஓர் அடையாளமாக இருந்தது. காலையில் திருகினால் மறுநாள் காலை வரை ஓடும். மணி காட்டுவதைத் தவிர வேறெதையும் அது செய்வதாகச் சொல்லிக்கொண்டதில்லை.

இன்று விற்கும் கைக்கடிகாரமோ நடந்த அடிகளை எண்ணுகிறது, நாடி பார்க்கிறது, உறக்கத்தை அளக்கிறது, தொலைபேசி அழைப்பை அறிவிக்கிறது, சில வேளை இரத்த அழுத்தமும் சொல்லுகிறது. ஸ்மார்ட் வாட்ச் என்று ஊரார் வழங்கும் இதனைத் திறன் கைக்கடிகாரம் என்று கூறலாம். மிகுந்த பொருட்செலவின்றி இத்தகைய கடிகாரம் ஒன்றைத் தேர்ந்துகொள்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் கலைப் பட்டம் பெற்றவன். மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். பொறியியலோ மருத்துவமோ கற்றவன் அல்லேன். ஆயினும் இப்பொருளில் ஒரு தவறு செய்து பாடம் கற்றவன் என்ற முறையில் சில சொல்ல எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

என் சொந்த ஊர் ஒற்றசேகரமங்கலம். அக்காலத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த, நெய்யாற்றின் பக்கத்தே, ரப்பர் மரங்களும் மரச்சீனி விளைகளும் சூழ்ந்த மேடுபள்ளமான ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, எங்கள் வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குச் சென்றால் பலகைகளில் தமிழ் எழுத்து வந்துவிடும். எங்கள் வீட்டில் எழுத்து எதுவாயினும் பேச்சு தமிழ்தான். அங்கே எழுபது வயதைக் கடந்த என் தாயார் இருக்கிறார். நான் தில்லியில் இருக்கிறேன். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலர்க்கும் இந்நிலை புதிதன்று. பெற்றோரை விட்டுத் தொலைவில் இருப்பவர்க்கு, அவர்கள் உடல்நிலையைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும் ஒரு கருவியை வாங்கித் தந்துவிட்டால் பாதி கடமை தீர்ந்தது போல ஒரு நிம்மதி தோன்றும். அந்த நிம்மதியைத்தான் நான் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன்.

பெயர் கேள்விப்படாத நிறுவனத்தின் கடிகாரம் அது. இரத்த அழுத்தம், இரத்தத்தின் பிராணவாயு அளவு, இதயத் துடிப்பு, உறக்கம், அடிக்கணக்கு என்று பெட்டியின் மேல் பெரிய பட்டியல் இருந்தது. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. அன்றாடம் மாத்திரை உண்பவர். தொலைபேசியில் நான் கேட்கும்போதெல்லாம், "சொகமாத்தான் இருக்கேன் மக்களே. கடியாரம் நூத்தி இருபது, எம்பதுன்னு காட்டுதே" என்பார். நானும் மகிழ்ந்தேன். நான்கு மாதம் கழித்து விடுமுறைக்குச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. கடிகாரம் நாள்தோறும் நல்ல எண்ணையே காட்டியதால், மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாளாக அம்மா குறைத்திருந்தார். மாதந்தோறும் அரசு சுகாதார நிலையத்துக்குச் செல்வதையும் நிறுத்தியிருந்தார். "அதுதான் கையிலேயே இருக்கே, பின்னே எதுக்கு அங்க போய் வரிசை நிக்கணும்?" என்பது அவர் வாதம். அன்றே அழைத்துச் சென்றேன். செவிலியர் புயத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றி அளந்தார். நூற்று எழுபத்திரண்டுக்கு நூற்று நான்கு. அந்த அறையிலேயே, அம்மாவின் இடக்கையில் இருந்த கடிகாரம் நூற்றுப் பத்தொன்பதுக்கு எழுபத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலை என் சித்தப்பாவின் மகன் வந்தான். ரப்பர் பால்வெட்டும் தொழில் செய்பவன். எதையும் பிரித்துப் பார்க்கும் இயல்பினன். நான் கதையைச் சொன்னதும் அவன் அடுக்களைக்குச் சென்று ஒரு நேந்திரங்காயைக் கொணர்ந்து, அதன் இடையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டித் திண்ணையில் வைத்தான். சற்று நேரத்தில் எண்கள் தோன்றின. நேந்திரங்காயின் நாடித் துடிப்பு 76. அதன் இரத்த அழுத்தம் 118க்கு 79! "அண்ணா, காய்க்கு ஒரு சுகக்கேடும் இல்லை" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது எப்படி நேர்ந்தது? கடிகாரத்தின் அடிப்புறத்தில் பச்சை நிறச் சிறு விளக்குகள் மின்னுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலின் கீழுள்ள நுண்குழாய்களில் இரத்தம் பெருகுவதால், திரும்பி வரும் ஒளி சிறிது குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வை எண்ணித்தான் கடிகாரம் நாடியைச் சொல்லுகிறது. இம்முறை போலியன்று, நேரியதே. ஆனால் பொறியைப் பொறுத்தவரை தன் முன் இருப்பது தோல் என்பது முன்கூட்டியே முடிவான செய்தி. காயின் மேல் கட்டினாலும், சுருட்டிய துவர்த்தின் மேல் கட்டினாலும், திரும்பி வரும் ஒளியின் சிறு நடுக்கங்களில் ஒரு தாளத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆகவே காய்க்கு நாடி காட்டியதை மட்டும் கொண்டு ஒரு கடிகாரத்தைப் பழித்தல் கூடாது. நல்ல கடிகாரங்களும் அதில் ஏமாறுவதுண்டு. குற்றம் இரத்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. பச்சை விளக்கு ஒன்றை மட்டும் கொண்டு, எந்த ஒப்பீடும் இன்றி, மில்லிமீட்டர் கணக்கில் அழுத்தம் சொல்லும் மலிவான கடிகாரம், நலமுள்ள ஒருவர்க்கு இருக்கவேண்டிய எண்ணை ஒட்டி ஏதோ ஒன்றைக் காட்டுகிறது, அவ்வளவே. மணிக்கட்டில் இரத்த அழுத்தத்தை முறையாக அளக்கும் கடிகாரங்கள் இல்லாமல் இல்லை. ஓம்ரான் நிறுவனம் வாரிலேயே காற்றுப்பை அமைத்துச் செய்த கடிகாரத்துக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டில் இசைவு அளித்தது. வேறு சில, புயப்பட்டைக் கருவியோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டுபவை. இவை எவையும் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கிடைப்பன அல்ல.

இதனினும் கொடியது சர்க்கரை அளவு. ஊசி குத்தாமல் இரத்தச் சர்க்கரையைச் சொல்லும் என்று விளம்பரம் செய்யப்படும் கடிகாரங்கள் விற்பனையில் உள்ளன. அத்தகைய கடிகாரமோ மோதிரமோ எதனையும் தாங்கள் அங்கீகரித்ததில்லை என்றும், அவற்றை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே இடர் நேரலாம் என்றும் அதே அமெரிக்க நிர்வாகம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் எச்சரித்தது. நீரிழிவு மிகுந்த நம் குடும்பங்களில் இவ்வெச்சரிக்கையைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். கடையில் ஒரு கடிகாரத்தின் பெட்டி மேல் சர்க்கரை என்ற சொல்லைக் கண்டால், அதனைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பிராணவாயு அளவைப் பற்றி ஒரு சொல். 2021ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் விரல் நுனியில் மாட்டும் கருவி வீடுதோறும் புகுந்தது. டக்குவோ அயோயாகி என்னும் ஜப்பானியப் பொறியாளர் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்தின் வழி வந்தது அது. ஒளி விரலின் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவருவதால் அளவு ஒருவாறு நிலைபெறும். மணிக்கட்டிலோ ஒளி ஊடுருவிச் செல்ல இயலாது. பட்டுத் திரும்ப வேண்டும். கை அசைந்தாலும், வார் தளர்ந்தாலும், குளிர்ந்தாலும் எண் மாறும். மூச்சுத் திணறல் உடையவர்க்கு விரல் கருவியே வேண்டும்.

அப்படியானால் இக்கடிகாரங்கள் எதற்குத்தான் பயன்படும் என்று நீங்கள் கேட்கலாம். நடைக்குப் பயன்படும்; ஓய்வில் இருக்கும்போது நாடிக்கும் பயன்படும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2017ஆம் ஆண்டில் அறுபது பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த பிழையோடு அளந்தன. செலவான கலோரியைச் சொல்வதிலோ, அவற்றுள் மிகச் சிறந்ததே சராசரியாக நூற்றுக்கு இருபத்தேழு பிழைத்தது. மிக மோசமானது தொண்ணூற்று மூன்று பிழைத்தது. ஆகவே நாடியை ஓரளவு நம்பலாம்; கலோரிக் கணக்கைப் பார்த்து ஒரு வடை கூடுதலாக உண்ணலாகாது.

வாங்கிய கடிகாரத்தை நீங்களே சோதிக்கலாம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டில் கட்டைவிரலின் பக்கமாக இரு விரல்களை வைத்து, முப்பது வினாடி நாடியை எண்ணி இரட்டியுங்கள். கடிகாரத்தின் எண் இதனோடு நாலைந்துக்குள் ஒத்திருத்தல் வேண்டும். சர் ஜான் பிளாயர் என்ற ஆங்கில மருத்துவர் 1707ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு நிமிடம் மட்டும் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்தார். அன்று கடிகாரத்தின் துணையால் மருத்துவர் நாடியை எண்ணினார். இன்று கடிகாரமே எண்ணுகிறது. சொல்லாராய்ச்சியில் பழகிய எனக்கு ஒன்று இங்கே நினைவு வருகிறது. வடமொழியில் நாடி என்னும் சொல் உடலின் குழாயையும் குறிக்கும். 24 நிமிடம் கொண்ட காலக் கூற்றையும் குறிக்கும். நம் நாழிகையும் அவ்வழி வந்ததே. காலமும் குருதியும் ஒரே சொல்லில் முன்னமே கூடியிருந்தன. பொறி பின்னால் வந்தது.

நடைக்கு வருவோம். கடிகாரத்தினுள் மூன்று திசை அசைவையும் உணரும் மிகச் சிறிய ஓர் உறுப்பு உண்டு. கை வீசும் தாளத்தை அது அடியாகக் கணக்கிடுகிறது. காலை அது காண்பதில்லை, கையைத்தான் காண்கிறது. என் தம்பி இதனை நன்கு சோதித்தான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டுபவன் அவன். மரத்துக்கு மரம் நடக்கும் நடை சரியாகப் பதிந்தது. பால் எடுக்கும் வேளையில் இரு கையிலும் வாளி தூக்கி மேடேறி வரும்போது, கை வீசாததால், பாதி அடிகள் கணக்கில் வரவில்லை. மிகக் கடினமான வேலையை அது ஓய்வு என்று எழுதியது! மாறாக, திண்ணையில் அமர்ந்து சிரட்டைகளில் ஒட்டுப்பால் உரித்தபோது நூற்றுக்கு மேற்பட்ட அடிகள் கூடின. உடல் உழைப்பாளிக்கு இக்கடிகாரம் நேர்மையான கணக்கன் அல்லன். அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து மாலையில் நடக்கப் போகும் என் போன்றோர்க்குத்தான் அது ஏற்றது. இருநூறு அடியை வாய்விட்டு எண்ணி நடந்து கடிகாரத்தோடு ஒப்பிட்டால் அதன் குணம் தெரிந்துவிடும். பத்து அடிக்குள் வேறுபட்டால் போதும்.

நாளைக்குப் பத்தாயிரம் அடி என்ற அளவைக் கண்டு முதியோர் மலைக்க வேண்டா. அது மருத்துவர் வகுத்த அளவு அன்று. 1965ஆம் ஆண்டில் ஜப்பானில் யமாசா என்னும் கடிகார நிறுவனம் மன்போ-கெய் என்ற பெயரில் ஓர் அடியளவியை விற்றது. பத்தாயிரம் அடி அளவி என்பது அதன் பொருள். விற்பனைப் பெயர் பின்னர் உலகின் விதியாயிற்று. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, சராசரி வயது 72 ஆன பெண்கள் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்த நன்மை கூடவில்லை. இதனை அறிந்தபின் அம்மாவின் கடிகாரத்தில் இலக்கை ஐயாயிரமாக மாற்றினேன். எங்கள் ஊர்ச் சாலை ஏற்றமும் இறக்கமும் ஆனது. அங்கே ஐயாயிரம் என்பது சமவெளி ஐயாயிரம் அன்று.

இனி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை. நடந்த தூரத்தைச் சரியாக அறிய விரும்பினால், செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜி.பி.எஸ். வசதி கடிகாரத்திலேயே இருக்கிறதா, அல்லது கைப்பேசியினதை இரவல் வாங்குகிறதா என்று கேளுங்கள். விளம்பரத்தில் இரண்டும் ஒரே பெயரில் திரியும். இரவல் வாங்குவதானால் நடைக்குச் செல்லும்போது கைப்பேசியும் உடன் வரவேண்டும். பெரும்பாலோர்க்கு அதனால் குறையில்லை.

நீர் காக்கும் குறியீடுகளில் ஐ.பி. 68 என்பது நல்ல நீரில் மூழ்கினால் தாங்கும் என்பதே. சோப்பு நீருக்கும் வெந்நீருக்கும் அது உறுதி தருவதில்லை. நீந்துவோர் 5 ஏ.டி.எம். என்ற குறி பார்த்து வாங்கவேண்டும். மழையினும் எங்கள் ஊரில் பகை வியர்வைதான். அதன் உப்பு மின்னேற்றும் முனைகளை அரித்துவிடும். இரவில் ஈரத் துணியால் துடைத்துவைத்தல் நலம். வாரின் அகலம் 20 அல்லது 22 மில்லிமீட்டராக இருந்தால், அறுந்தபோது எந்தக் கடையிலும் மாற்றலாம். தனக்கே உரிய கொக்கி உடைய வாராயின், வார் போனால் கடிகாரமும் போயிற்று.

திரையின் அழகைக் கடைவிளக்கில் பார்க்காதீர்கள். வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து, யார் அணியப்போகிறாரோ அவர் கண்ணுக்கு எண் தெரிகிறதா என்று பாருங்கள். தமிழ்ச் செய்தி ஒன்றை அனுப்பியும் பாருங்கள். மலிவான பல கடிகாரங்களில் தமிழ் எழுத்து கட்டங்கட்டமாக வரும்; அல்லது கொம்பு ஓரிடமும் கால் ஓரிடமுமாகச் சிதறும். மொழிபெயர்ப்பாளன் ஆகிய எனக்கு இது தலைவலி. அம்மாவுக்கோ, மகனின் செய்தி என்று ஒன்று வந்து படிக்க முடியாமற் போகும் கவலை.

யாவற்றினும் முதன்மையானது, அணிபவரிடம் எவ்வகைக் கைப்பேசி இருக்கிறது என்பது. பொத்தான் பேசி வைத்திருக்கும் முதியோர்க்கு இக்கடிகாரங்களுள் பெரும்பாலானவை ஆகா. மின்கலம் தீர்ந்து மறுபடி உயிர்பெறும்போது நேரத்தைக்கூடக் கைப்பேசிதான் சொல்லித் தரவேண்டும். அதற்கென நிறுவும் செயலி, தொடர்பு எண்கள், இருப்பிடம், அழைப்புப் பதிவு அனைத்தையும் காண இசைவு கேட்கும். அடி எண்ணுவதற்கு உங்கள் உறவினரின் எண்கள் எதற்கு? மறுத்துவிடுங்கள், பெரும்பாலும் கடிகாரம் ஓடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பெட்டியிலோ பொருளிலோ இருத்தல் வேண்டும். ஆயினும் அது மின்பாதுகாப்புக்கான முத்திரை. அளவு சரியானது என்பதற்கான சான்று அன்று. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டன், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் 1984ஆம் ஆண்டில் கூடித் தொடங்கியது. அதுவும் இன்று இவ்வகைக் கடிகாரங்களை விற்கிறது. நாய்ஸ், போட், ஷாவ்மி முதலிய பெயர்களும் யாவரும் அறிந்தவை. எந்தப் பெயரானாலும், பழுது பார்க்கும் நிலையம் அணிபவரின் ஊருக்கு எட்டும் தொலைவில் உண்டா என்பதே என் கேள்வி. நான் தில்லியில் வாங்கினேன். பழுதானால் அம்மா நெய்யாற்றின்கரைக்கோ, எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்கோ அன்றோ செல்லவேண்டும்? ஏமாற்றப்பட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில் அன்றி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். 1915 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடவும் வழியுண்டு. வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு இது ஒரு பெரும் வசதி.

விலை பற்றி என் துணிபு இது: அடியும் நாடியும் போதுமென்பார்க்கு, மெல்லிய பட்டை வடிவில் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். உள்ளமைந்த ஜி.பி.எஸ். வேண்டுவோர் ஐயாயிரத்தை ஒட்டிச் செல்லவேண்டும். அதற்குக் கீழே விலை குறையக் குறைய, பெட்டியின் மேலுள்ள பட்டியல் நீளுவதைக் காண்பீர்கள்.

அம்மாவுக்கு இப்போது இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று, அடியும் நாடியும் மட்டும் காட்டும் ஒரு கடிகாரப் பட்டை. மற்றொன்று, ஏறத்தாழ அதே விலைக்கு வாங்கிய, புயத்தில் சுற்றும் இரத்த அழுத்தக் கருவி. ஞாயிறு காலையில் ஐந்து நிமிடம் அமர்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து அளந்து, நாட்காட்டித் தாளில் குறித்துவைத்து, தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டுகிறார். மாத்திரை தவறுவதில்லை. சென்ற வாரத்து எண் நூற்று முப்பத்தாறுக்கு எண்பத்து நான்கு. "நேந்திரங்காய்க்கு எவ்வளவு மக்களே?" என்று அவரே கேட்டுச் சிரித்தார்.